பெரியவளின் மெத்தை

வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததுமே சின்னவளுக்கு வயிறு எரிந்தது. தோல் செருப்பு, ரப்பர் செருப்பு, மழையில் ஊறிப்போன துணிச் செருப்பு என்று கதவில் ஆரம்பித்து மாடிப்படி வரைக்கும் குவிந்து கிடந்தன. ஜெபத்துக்குச் சபையார் வந்துவிட்டார்கள். மேலே பெரியவளைச் சுற்றி உட்கார்ந்து பாடவும் ஆரம்பித்துவிட்டார்கள். இனி அத்தனை பேருக்கும் டீ போட வேண்டும். போடுவது யார்? கட்டிலில் படுத்திருக்கிறவளா எழுந்து வந்து போடுவாள்?

வாங்கி வந்த ரொட்டியை அடுப்படியில் வைத்தாள். தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டே பாத்திரத்தில் தண்ணீர் பிடித்தாள். காலையிலிருந்து இரண்டு மெத்தை தைத்த கை அது. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்துப் போயிருந்தது. யாராவது அந்த விரலைப் பிடித்துப் பார்த்து, "எங்கேம்மா வலிக்குது?" என்று ஒரு தடவை கேட்டதுண்டா? கேட்பார்கள், அவளும் ஒருநாள் தொப்பென்று விழுந்தால்.

அந்த வீட்டின் தொழில் மெத்தை. கீழ்த்தளம் முழுக்கப் பட்டறை. ஒரு மூலையில் பஞ்சு அடிக்கும் மெஷின் நாள் முழுக்கக் கடகடவென்று ஓடும். அதைப் பார்த்துக்கொள்வது அண்ணன்காரர், பெரியவளின் புருஷன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, புருவமெல்லாம் வெளுத்து, யாரோடும் அதிகம் பேசாத மனிதர். தைத்து முடித்த மெத்தைகளை வேனில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பது தம்பி, சின்னவளின் புருஷன். தையல் வேலை ஓரகத்திகள் இருவருக்கும். மாடியில் குடும்பம்.

பெரியவள் அந்த வீட்டுக்கு முதலில் வந்தவள். சின்னவள் வந்தபோதே எல்லார் வாயிலும் பெரியவள் பேச்சுத்தான். "பெரியவ கை பட்டா மெத்தை மேகம் மாதிரி இருக்கும்" என்பார்கள். மெத்தை வாங்க வருகிறவர்கள் சின்னவள் தைத்ததைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது பெரியம்மா தைச்சதா?" என்று கேட்பார்கள். தையல் மட்டுமா? தெருவில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் பெரியவள் ஒரு சின்னத் தலையணை தைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு போய் நிற்பாள். சண்டை போட்டவர்கள் அவளிடம் வந்து அழுவார்கள். சின்னவளும் நல்லவள்தான். ஆனால் அந்த வீட்டில் நல்லவள் என்ற நாற்காலியில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருந்தது.

போன வருஷம் மழைக்காலத்தில், எதிர்ச் சந்தில் குடியிருந்த ஒரு ஏழைப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. அதற்குத் தலையணை தைக்க நல்ல பஞ்சாக எடுக்கப் பெரியவள் பரணில் ஏறினாள். ஏணி வழுக்கியது. விழுந்த இடத்தில் வெட்டும் மேஜையின் விளிம்பு இருந்தது. முதுகெலும்பில் அடி. அன்றோடு கால்கள் அசைவதை விட்டுவிட்டன. அசைவுதான் போனதே தவிர உணர்ச்சி போகவில்லை. வலிப்பது மட்டும் எல்லா இடத்திலும் தெரிந்தது.

சின்னவள் அன்று அலறித் துடித்தது உண்மை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சாப்பிடாமல் கிடந்ததும் உண்மை. ஆனால் நெஞ்சின் ஓர் ஓரத்தில், எலி எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு நினைப்பு வந்து போனதும் உண்மைதான். இனிமேல் இந்த வீட்டுக் கை என் கை என்ற நினைப்பு. வந்த வேகத்தில் அதை விரட்டிவிட்டாள். விரட்டினாலும் வந்ததை வரவில்லை என்று சொல்ல முடியாதே.

நடந்தது வேறு. நின்றுகொண்டிருந்தபோது தெருவுக்குப் பெரியவளாக இருந்தவள், படுத்த பிறகு சபைக்கே பெரியவளாகிவிட்டாள். "எவ்வளவு பொறுமை, முகத்துல ஒரு சுளிப்பு உண்டா பாருங்க" என்று வந்து வந்து பார்த்தார்கள். போதகர் ஒருநாள் கீழே பட்டறை வழியாக ஏறி வந்தபோது மெஷினைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். மேலே போய், கண் கலங்கச் சொன்னார்: "நல்ல பஞ்சைத்தாம்மா அடிக்கிறோம். குப்பைப் பஞ்சை யார் எடுத்து அடிப்பாங்க? ஆண்டவர் யாரை நேசிக்கிறாரோ அவங்களைத்தான் அடிச்சு அடிச்சு மெதுவாக்குறார்."

சுற்றி இருந்தவர்கள் அழுதார்கள். எதற்கெடுத்தாலும் ஆமென் சொல்வதால் ஆமென் அக்கா என்று பேர் வாங்கிய கிழவி, மூன்று தரம் ஆமென் சொன்னாள். சின்னவள் டீத் தட்டோடு கதவோரம் நின்றிருந்தாள். அவளுக்கு அந்த வார்த்தை வேறு இடத்தில் போய்க் குத்தியது. அப்படியானால் அடிபடாதவள்? அவள் குப்பைப் பஞ்சா?

யோசிக்க யோசிக்க அது பெரிதாகிக்கொண்டே போனது. தனக்கு ஒரு காய்ச்சல்கூட வந்து பல காலமாயிற்று. பல் சொத்தை இல்லை. கண் நன்றாகத் தெரிகிறது. பிள்ளை பெறும்போதுகூட மற்றவர்கள் பட்ட பாடு அவள் படவில்லை. மருத்துவச்சி வந்து சேர்வதற்குள் பிள்ளை வந்துவிட்டது. ஆண்டவர் தன் பக்கம் திரும்பிப் பார்த்ததாகவே தெரியவில்லை. ஒருநாள் துணி காயப் போட்டுக்கொண்டே ஜெபமும் செய்து பார்த்தாள். "ஆண்டவரே, எனக்கும் ஏதாவது குடுங்க. பெருசா வேண்டாம், வேலை கெட்டுடும். நாலு பேருக்குத் தெரியற மாதிரி ஒண்ணு குடுங்க."

அடுத்த வாரம் சளி பிடித்தது. இதுதான் போலிருக்கிறது என்று தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, ஜெபக் கூட்டத்தின் நடுவில் பலமாக நாலு தும்மல் போட்டாள். ஆமென் அக்கா கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"உனக்குச் சளியா? அப்போ பெரியவ பக்கத்துல போகாதம்மா. ஒட்டிக்கிச்சுன்னா அந்தப் புள்ளை தாங்குமா?"

அவ்வளவுதான். அன்றைக்கும் டீ அவள்தான் போட்டாள்.

அந்த மெத்தையின் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பெரியவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறார்கள் என்றதும், "அவங்க மெத்தையை நான்தான் தைப்பேன், யாரும் கை வைக்கக் கூடாது" என்று சின்னவள் சொல்லிவிட்டாள். புருஷனுக்கு மனசு குளிர்ந்துபோனது. "அண்ணி மேல உனக்கு இவ்வளவு பாசமா!" என்றான். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் கணக்கு வேறாக இருந்தது. பார்க்க வருகிற சபையார் அத்தனை பேரும் அந்த மெத்தையைப் பார்க்க வேண்டும். பார்த்து, "யார் தைச்சது?" என்று கேட்க வேண்டும்.

அந்த வீட்டு மெத்தைக்கு முடிச்சால்தான் பேர். பஞ்சு ஒரு பக்கமாக ஓடிவிடாமல் இருக்க, முழ நீள ஊசியால் மேலிருந்து கீழே குத்தி, கீழிருந்து மேலே வாங்கி, இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். மற்ற கடை மெத்தைகளில் முடிச்சு சீக்கிரம் தளர்ந்துவிடும். இவர்களுடையது துணி கிழிந்தாலும் அவிழாது. சின்னவள் அந்த மெத்தைக்கு வழக்கமாகப் போடுவதைப் போல இரண்டு மடங்கு முடிச்சு போட்டாள். நாலு இழை சிவப்பு நூலில், காலால் மெத்தையை மிதித்துக்கொண்டு, பல்லைக் கடித்து இறுக்கினாள். ஒவ்வொரு முடிச்சும் ஒரு சிவப்புப் பொத்தான் போல உட்கார்ந்தது. எடுத்து நிறுத்தியபோது அவளுக்கே கண்பட்டுவிடும் போல இருந்தது.

மெத்தையைக் கட்டிலில் போட்டார்கள். அதன்மேல் ஒரு போர்வையை விரித்தார்கள். போர்வையின் மேல் பெரியவளைப் படுக்க வைத்தார்கள்.

முடிந்தது. அந்தச் சிவப்பு முடிச்சுகளை அதன்பிறகு ஒரு மனிதர்கூடப் பார்க்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் பார்த்தது பெரியவளின் முகத்தை.

இந்த வருஷம் மழை விட்டபாடில்லை. ஈரக் காற்றில் பஞ்சு கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டது. மெஷின் பல்லில் சிக்கி நின்று நின்று ஓடியது. மொட்டை மாடியில் காயப் போட வழியில்லாமல் பட்டறையே நனைந்த நாய் போல நாறியது. பெரியவளின் அறையிலும் சுவரெல்லாம் ஈரம் கசிந்து ஓதம் பிடித்திருந்தது. நர்ஸம்மா வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவாள். அன்று பெரியவளை ஒருக்களித்துத் திருப்பிய சின்னவளிடம், "கொஞ்சம் அப்படியே பிடிங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்தாள்.

இடுப்புக்கு மேலே, முதுகெலும்பு முடிகிற இடத்தில் தோல் கறுத்துப்போய் நடுவில் திறந்திருந்தது.

"இது எப்போ இருந்து?" என்றாள் நர்ஸம்மா.

"போன வாரம் சிவப்பாத்தான் இருந்துச்சு சிஸ்டர். பவுடர் போட்டேன்."

"படுக்கைப் புண். பவுடரெல்லாம் கேட்காது. தினமும் கழுவிக் கட்டுப் போடணும். ஆழமாகி எலும்பைத் தொட்டுடுச்சுன்னா அப்புறம் உயிருக்கே ஆபத்து." நர்ஸம்மா இன்னும் குனிந்து பார்த்தாள். "பொதுவா இப்படி வட்டமா வராதே. குறிப்பா இந்த ஒரு இடத்துல ஏதோ அழுத்தியிருக்கு. என்னன்னு பாருங்க."

சின்னவள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை இல்லை. பெரியவளைப் பிடித்திருந்த கையைத் தவிர மற்றக் கை தானாகப் போர்வைக்கு அடியில் போனது. விரலுக்கு அந்த இடம் தெரியும். கல்லு போல இருந்தது, அவள் பல்லைக் கடித்துப் போட்ட முடிச்சு. ஈரத்தில் நூல் இன்னும் இறுகியிருந்தது.

கையை எடுத்துக்கொண்டாள். "ஒண்ணும் இல்லையே சிஸ்டர்" என்று சொன்னது அவள் வாய்தான்.

மறுநாளே செய்தி சபைக்குப் போய்விட்டது. ஆமென் அக்கா வந்து கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "போதாதுன்னு இது வேறயா ஆண்டவரே! உம்ம பிள்ளையை இன்னும் எவ்வளவுதான் சோதிப்பீர்!" ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உபவாசமிருந்து ஜெபிப்பது என்று போதகர் அறிவித்தார். கோயிலில் இருந்தவர்கள் பெரியவளின் பேரைக் கேட்டதும் பெருமூச்சு விட்டார்கள்.

சின்னவளுக்கு ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் நிம்மதி. பழி எல்லாம் ஆண்டவர் மேலே போய்விட்டது. அவர் இறங்கி வந்து நான் இல்லை என்று மறுக்கப் போவதில்லை. இந்தப் புண் அவருடைய அன்பு என்று ஊரே ஒத்துக்கொண்ட பிறகு, இல்லை, இது என் முடிச்சு என்று எழுந்து நின்று சொல்ல யாரால் முடியும்? சொன்னால் என்ன ஆகும்? பரிசுத்தவதியைக் குத்திய பாவி என்று பேர் வரும். பெரியவளின் கதையில் அவளுக்கு ஒருவழியாக ஒரு இடம் கிடைக்கும், அதுவும் இந்த இடம்.

சாப்பிடும்போது புருஷனிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, நம்ம மெத்தையில முடிச்சு குத்துமா?"

"நம்ம முடிச்சா? நம்மளைத் தூக்குல போட்டாக்கூட அவிழாது" என்று சிரித்தான். பிறகு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "புரண்டு படுக்கறவனுக்கு எங்க குத்தப்போகுது? குத்தினா தள்ளிப் படுத்துக்குவான்" என்றான்.

அவன் சாதாரணமாகச் சொன்னான். சின்னவள் கையிலிருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். தள்ளிப் படுக்க முடியாதவளுக்கு அல்லவா அவள் தைத்திருக்கிறாள்! மெத்தை தைக்கிறவர்கள் யாரும் மறக்கக் கூடாத விஷயம் அது. எழுந்து நடமாடுகிறவனுக்கு எத்தனை முடிச்சும் போடலாம். கிடையாகக் கிடக்கிறவருக்கு உடம்பு படுகிற இடத்தில் ஒரு முடிச்சும் வரக் கூடாது; பட்டை பட்டையாகத் தடுத்துத் தைக்க வேண்டும். இது அவளுக்குத் தெரியாததா? தெரியும். கற்றுக்கொடுத்ததே பெரியவள்தான். பொறாமையில் கண் மட்டுமா மறைந்தது, கை கற்ற தொழிலே மறந்து போயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் மழை நின்று லேசாக வெயில் அடித்தது. ஆண்கள் இருவரும் வேனில் போயிருந்தார்கள். மெஷின் ஓயவும் வீட்டில் அப்படி ஒரு அமைதி. சின்னவள் வெந்நீரும் பஞ்சும் கொண்டுவந்து பெரியவளை ஒருக்களித்துப் போட்டாள். புண் போன வாரத்தைவிட ஆழமாகியிருந்தது. கழுவும்போது பெரியவளின் தோள் மட்டும் ஒருமுறை உதறியது. வாயிலிருந்து சத்தம் இல்லை.

அந்தச் சத்தமில்லாமையைத்தான் சின்னவளால் தாங்க முடியவில்லை.

"அக்கா, கத்துங்களேன். வலிக்குதுன்னு கத்தினா என்ன?"

"கத்தினா குறையுமா?"

"அக்கா." சின்னவள் துணியைத் தண்ணீரில் போட்டுவிட்டாள். "இந்தப் புண்ணு ஆண்டவர் குடுத்தது இல்ல. நான் குடுத்தது."

பெரியவள் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"முடிச்சு. படுத்த முதல் நாளே தெரியும். இத்தனை வருஷம் மெத்தை தைச்சிருக்கேன், குத்துறது பஞ்சுக் கட்டியா முடிச்சான்னு எனக்குத் தெரியாதா? சிவப்பு நூல்தானே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆடம்பரமா ஏதாவது செய்யணும்னா நீ சிவப்பு நூலைத்தான் எடுப்ப."

சின்னவளுக்கு அழுகை வர வேண்டிய இடம். வந்தது கோபம். "தெரிஞ்சுமா வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே பிரிச்சுத் தைச்சிருப்பேனே! ஏன், சொல்லிட்டா பரிசுத்தம் குறைஞ்சுடுமா? எல்லாரும் வந்து பொறுமைசாலி பொறுமைசாலின்னு சொல்லணும், நான் கொலைகாரியாகணும், அதுதானே?"

"ஆமாம்" என்றாள் பெரியவள்.

சின்னவள் எட்டி அவள் முகத்தைப் பார்க்க முயன்றாள்.

"என்னை இந்தப் பக்கம் திருப்பு. சுவர்கிட்ட பேச முடியல." திருப்பினாள். பெரியவளின் கண் சிவந்திருந்தது. "நீ படி ஏறி வர்ற சத்தம் இருக்கே, தடதடன்னு, அதைக் கேட்டா எனக்கு வயிறு எரியும்."

"உங்களுக்கா? என்னைப் பார்த்தா?"

"வேற யாரைப் பார்த்து எரியும், பாஸ்டரைப் பார்த்தா? நீ என்னைத் தூக்கும்போது உன் முழங்கால் மடங்கும். அதையே பார்த்துக்கிட்டு இருப்பேன். என் கத்தரியை நீ எடுத்துக்கிட்டுப் போற சத்தம் கேட்கும். கீழ வந்தவங்க, சின்னம்மா தைச்சதா, நல்லாயிருக்கேன்னு சொல்றது கேட்கும்."

"அப்படி யாராவது சொன்னாங்களா?"

"நிறையப் பேர் சொல்லுறாங்க. உனக்கு மெஷின் சத்தத்துல கேட்டிருக்காது. எனக்கு இங்க எல்லாம் கேட்கும்." பெரியவள் மூச்சு வாங்கினாள். "கால் போச்சு. கை வேலை போச்சு. என்கிட்ட மிச்சம் இருந்தது பொறுமைசாலிங்கற பேர் ஒண்ணுதான். குத்துதுன்னு சொன்னா அதுவும் போயிடும். நீ உடனே வேற மெத்தை தைப்ப, அதுலயும் நல்ல பேர் வாங்கிடுவ. சொல்லாம இருந்தா? இவ குத்துறா, நான் பொறுத்துக்கறேன், ஆண்டவர் பார்த்துக்கிட்டு இருக்கார். அப்படி ஒரு திருப்தி. உன் மேல தினமும் வழக்கு சேர்த்துக்கிட்டே இருந்தேன்டி. அதுதான் சீழ் பிடிச்சிருக்கு."

ஜன்னல் கம்பியில் மழைத்துளிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. சின்னவள் தண்ணீரிலிருந்து துணியை எடுத்துப் பிழிந்தாள்.

"அப்போ பாஸ்டர் சொன்னது பொய்யா அக்கா? நல்ல பஞ்சைத்தான் அடிக்கிறார்னு சொன்னாரே."

"பாஸ்டர் பாவம். ஏதாவது சொல்லித்தானே ஆகணும்? வந்த மனுஷன் சும்மா உட்கார்ந்துட்டுப் போனா நாம விடுவோமா?" பெரியவள் லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "நானும் நம்பிப் பார்த்தேன். என்னை ரொம்பப் பிடிச்சதாலதான் இப்படிப் பண்றார்னு. ஆனா ஒரு பச்சைக் குழந்தைக்குத் தலகாணிப் பஞ்சு எடுக்க ஏறினவளோட ஏணியைத் தட்டிவிடறது என்ன அன்புடி? ஏன்னு கேட்டேன். மாசக்கணக்கா கேட்டேன். ஒரு பதிலும் இல்ல."

"அப்புறம்?"

பெரியவள் எதிர்ச் சுவரில் தொங்கிய மரச் சிலுவையைக் கண்ணால் காட்டினாள். "படுத்துப் படுத்து அதையேதானே பார்க்கணும். ஒருநாள் மூக்கு அரிச்சுது. அன்னைக்குக் கையும் தூக்க முடியாத வலி. சொறிஞ்சுவிட யாரும் இல்ல. அப்போ தோணுச்சு, அவருக்கும் மூக்கு அரிச்சிருக்கும்ல? ரெண்டு கையும் ஆணியில. புரண்டு படுக்க முடியாது. அவரும் ஏன், ஏன் என்னைக் கைவிட்டீர்னுதான் கேட்டார். மேல இருந்து அவருக்கே பதில் வரல. அவரைவிட நல்லவங்க யாரு? அன்னைக்குத்தான் புரிஞ்சுது. அடிக்கிற பக்கத்துல அவரைத் தேடிக்கிட்டு இருந்தேன். அவர் அடிபடற பக்கத்துல, என்கூடப் படுத்திருக்கார்."

"வலி போயிடுச்சா?"

"வலி எங்க போகும்? கூட ஆள் இருக்கு, அவ்வளவுதான்."

நெஞ்சில் கை வைத்துச் சொன்னால், சின்னவளுக்குள் அந்த நேரத்திலும் பழைய எலி எட்டிப் பார்த்தது. "அதுவும் உங்களுக்குத்தானா? எனக்குத்தான் ஒண்ணுமே வரலியே. என்கூட யாரு இருப்பா? சளிக்கெல்லாம் வருவாரா?"

பெரியவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்தால் புண் வலித்தது. வலியோடு சிரித்தாள். "அடிப் பைத்தியம். இத்தனை வருஷமா வயிறு எரிஞ்சுக்கிட்டு நடமாடுறியே, அது நோய் இல்லையா? எனக்கும் அதே நோய்தான். கால்னா டாக்டர் பார்ப்பார். இதை யார்கிட்ட காட்டுறது?"

சின்னவள் அப்போதுதான் அழுதாள். பெரியவளின் வற்றிப்போன கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கத்தரி எங்க இருக்கு?"

"என் கத்தரியா? நீதான் எடுத்துட்டுப் போன."

ஆண்கள் வந்ததும் பெரியவளைத் தூக்கி, ஜன்னலோர நாற்காலியில் சுற்றிலும் தலையணை கொடுத்துச் சாய்த்து வைத்தார்கள். என்ன விஷயம் என்று கேட்ட புருஷனிடம் சின்னவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவன் முகம் கறுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணன்காரர், அதிகம் பேசாதவர், மெத்தையின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு, "பேசிக்கிட்டிருந்தா இருட்டிடும், அந்தப் பக்கம் பிடி" என்றார்.

மொட்டை மாடியில் மெத்தையைப் பிரித்தார்கள். சிவப்பு முடிச்சுகளைச் சின்னவளே ஒவ்வொன்றாக வெட்டினாள். பேர் வாங்கிய முடிச்சு அல்லவா, லேசில் வெட்டுப்படவில்லை. சாயங்கால வெயிலிலும் மறுநாள் காலை வெயிலிலும் பஞ்சு காய்ந்தது. ராத்திரி பெரியவளைச் சின்னவளின் படுக்கையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, காலையில் மறுபடி நாற்காலிக்கு மாற்றினார்கள். அண்ணன்காரர் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் மெஷினைப் போட்டு, கட்டி ஒன்றுகூட இல்லாமல் அடித்துக் கொடுத்தார். அன்று அந்த வீட்டிலிருந்து யாரும் கோயிலுக்குப் போகவில்லை. ஊரே உபவாசம் இருந்த அந்தக் காலையில் பட்டறையில் மூன்று பேரும் ரொட்டியும் டீயுமாக வேலை செய்தார்கள்.

புது மெத்தையில் முடிச்சு கிடையாது. நீளவாக்கில் பட்டை பட்டையாகத் தடுத்து, உடம்பு படுகிற இடத்தில் பஞ்சைத் தளர்வாக விட்டு, ஓரத்தில் மட்டும் இறுக்கித் தைத்திருந்தாள். நிறுத்திப் பார்த்தால் ஒரு அழகும் இல்லை. கட்டிலில் போட்டதும் தடவிப் பார்த்தாள். அடித்துப் பார்த்தாள்.

"கையால பார்த்தா தெரியாது" என்றாள் நாற்காலியிலிருந்து பெரியவள். "படு."

"நானா?"

"என்னைப் படுக்க வச்சுப் பார்க்கப் போறியா? நீதான் படுக்கணும். என்னை மாதிரி படு. காலை அசைக்காதே. கையைப் பக்கத்துல வை."

சின்னவள் படுத்தாள். பகல் வேளையில் அவள் முதுகு படுக்கையில் பட்டதே அபூர்வம். உத்தரமும், ஓதம் பிடித்த சுவரும், எதிரே சிலுவையும் தெரிந்தன. பெரியவள் ஒரு வருஷமாகப் பார்ப்பது இவ்வளவுதான்.

"எப்படி இருக்கு?"

"சுகமா இருக்கு."

"இப்போ சுகமாத்தான் இருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் கிட. கண்ணை மூடு."

கிடந்தாள். கொஞ்ச நேரத்தில் குதிகால் கனத்தது. தோள்பட்டை புரளச் சொல்லிக் கெஞ்சியது. மூக்கு அரித்தது.

"அக்கா, மூக்கு."

"அரிக்கும். சொறியக் கூடாது." பெரியவளின் குரலில் ஒரு குஷி இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அப்போதுதான் படியில் காலடிச் சத்தம் கேட்டது. உபவாச ஜெபம் முடிந்து போதகரும் ஆமென் அக்காவும் பெரியவளைப் பார்க்க வந்திருந்தார்கள். ஆமென் அக்காதான் முதலில் உள்ளே நுழைந்தாள். கட்டிலில் கண் மூடி, கை கால் அசையாமல் கிடந்த சின்னவளைப் பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ! இவளுக்குமா! ஆண்டவரே, வேலை செஞ்சு செஞ்சு தேய்ஞ்ச புள்ளையாச்சே! இந்த நல்லவளுக்குமா!"

ஓடிவந்து நெற்றியில் கையை வைத்தாள். சொரசொரப்பான, சூடான கை. ஜெபம் தானாகக் கிளம்பிவிட்டது. போதகர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவளையும் கட்டிலில் கிடக்கும் சின்னவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். சின்னவளின் புருஷன் விளக்கம் சொல்ல வந்தான். பெரியவள் உதட்டில் விரல் வைத்து அவனை நிறுத்தினாள்.

"இருக்கட்டும்" என்றாள் மெல்ல. "ஜெபம் பண்ணட்டும். அவளுக்கும் வேணும்."

சின்னவள் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு வருஷமாகக் காத்திருந்த கை, நெற்றியில் இருந்தது. நல்லவள் என்று அவள் காது கேட்க ஒருத்தி சொல்லிவிட்டாள். மூடிய இமைக்கு வெளியே கண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. அதையும் அவள் துடைக்கவில்லை. அந்தச் சுகத்தில் கிடந்தபோதுதான், இடுப்புக்கு மேலே, முதுகெலும்பு முடிகிற இடத்தில் ஏதோ ஒன்று மெல்ல உறுத்த ஆரம்பித்தது. மிளகு அளவு பஞ்சுக் கட்டியாக இருக்கும். நகர்ந்து படுத்திருந்தால் தெரிந்திருக்காது.

நகரவில்லை. அந்த உறுத்தல் வலியாகும் வரைக்கும், சரியாக எந்த இடம் என்று தெளிவாகும் வரைக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

"அக்கா. குத்துது."

"எங்க?"

"உங்க புண்ணு இருக்கிற இடத்துல."

"அசையாதே! அசைஞ்சா இடம் தப்பிடும்." பெரியவள் மடியில் வைத்திருந்த, துணியில் அளவு குறிக்கிற சாக்குக்கட்டியை ஆமென் அக்காவிடம் நீட்டினாள். "அக்கா, ஜெபம் இருக்கட்டும். இதை வாங்கிக்கிட்டு, அவ முதுகுக்கு அடியில கையை விட்டு, அவ சொல்ற இடத்துல மெத்தை மேல ஒரு கோடு போடுங்க. உங்க கைக்குத்தான் எட்டும்."

ஆமென் அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பழக்க தோஷத்தில் ஆமென் என்றாள். சாக்குக்கட்டியை வாங்கிக்கொண்டு, கட்டிலின் பக்கத்தில் முழங்கால் போட்டு, சின்னவளின் முதுகுக்கு அடியில் கையை விட்டாள்.

"எங்கேம்மா வலிக்குது? சொல்லு."